கனவு நகரத்தைப் படியெடுத்தவர்கள்

சர்ரியலிச நகரக் காட்சியைத் தீட்டக் கற்க வருகிறவரிடம், ஏற்கெனவே உள்ள ஒரு படத்தை எதிரில் வைத்துக்கொண்டு அதை மறுபடி தீட்டிப் பார்க்கச் சொல்வது இன்று பல ஓவிய வகுப்புகளில் உள்ள வழக்கம். அப்படி எதிரில் வைக்கத் தக்க படங்களில் முதன்மையானது ஜோர்ஜோ தெ கிரிகோ 1914இல் தீட்டிய ‘ஒரு தெருவின் மர்மமும் சோகமும்’. இடப்பக்கம் வெயிலில் வெளுத்த நீண்ட வளைவு மண்டபம், வலப்பக்கம் இருளில் மூழ்கிய இன்னொன்று, நடுவே கதவு திறந்து நிற்கும் காலி வண்டி, வளையத்தை உருட்டிக்கொண்டு ஓடும் ஒரு சிறுமி, அவளுக்கு எதிரே மூலையிலிருந்து நீளும் யாருடையதோ நிழல். இதைக் கட்டம் போட்டுப் படியெடுக்கச் சொன்னால் ஒரு நியாயமான மறுப்பு எழும். 1924இல் ஆந்த்ரே பிரெதோன் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கை, அறிவின் கண்காணிப்பு இல்லாமல் மனம் தானாக இயங்குவதையே சர்ரியலிசம் என்று வகுத்தது. கனவும் தற்செயலும்தான் அதன் ஊற்று. அடிக்கோலும் பென்சிலும் வைத்து இன்னொருவர் கனவை அளந்து எழுதுவது அந்தக் கொள்கைக்கே பகை அல்லவா? கொள்கையை மட்டும் படித்தால் பகைதான். ஆனால் இந்த ஓவிய வகை எப்படிப் பிறந்தது, கையிலிருந்து கைக்கு எப்படிப் போனது என்று வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சர்ரியலிச நகரம் தொடக்கத்திலிருந்தே படியெடுத்தலால் வளர்ந்த மரபு. அதை அப்படிக் கற்பது கொள்கைக்கு முரணாக இருக்கலாம். வரலாற்றுக்கு முரணானது அல்ல.

படியெடுத்துக் கற்பது ஐரோப்பிய ஓவியத்தில் வெட்கப்படும் காரியமாக இருந்ததே இல்லை. லூவர் அரண்மனை 1793 ஆகஸ்ட் 10 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, புரட்சி அரசு வகுத்திருந்த பத்து நாள் வாரத்தில் பொதுமக்களுக்கு ஒதுக்கப்பட்டவை சில நாட்களே. பெரும்பகுதி படியெடுக்க வரும் ஓவியர்களுக்கானது. பார்வையாளருக்கு முன்பே மாணவருக்கு இடம் தந்த அருங்காட்சியகம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானேயும் தெகாவும் அங்கே நின்று பழைய படங்களைப் பார்த்துத் தீட்டியவர்கள்தாம். அங்கே இன்றும் அனுமதிச் சீட்டு பெற்றுப் படியெடுக்கிறார்கள். படி மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். மூலத்தின் கையொப்பத்தைத் தீட்டக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும். சர்ரியலிஸ்டுகளுக்கும் இந்த இடம் அந்நியமல்ல. சால்வதோர் தாலி 1955இல் அனுமதி வாங்கி, வெர்மீரின் ‘சரிகை பின்னும் பெண்’ படத்தின் முன் உட்கார்ந்தார். அங்கே அவர் தீட்டியவை காண்டாமிருகக் கொம்புகள். அதை விளம்பர வேடிக்கை என்று சிலர் தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு படத்தை அவர் பல ஆண்டுகளாக உற்றுப் பார்த்துப் பழகியவர். கொம்புகள் அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்தவை.

தெ கிரிகோவின் கதையும் படியெடுத்தலில்தான் தொடங்குகிறது. இத்தாலியப் பெற்றோருக்கு 1888இல் கிரேக்கத்தின் வோலோஸ் நகரில் பிறந்தவர். தந்தை ரயில் பாதை அமைத்த பொறியாளர், 1905இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு குடும்பம் மியூனிக் நகருக்குப் போனது. அங்கே நுண்கலைக் கழகத்தில் படித்த காலத்தில் இளைஞரைப் பிடித்து ஆட்டியவர் சுவிஸ் ஓவியர் ஆர்னால்ட் பெக்லின். 1908, 1909இல் தெ கிரிகோ தீட்டிய பாதி மனிதரும் பாதிக் குதிரையுமான சென்டார்கள், பெக்லின் தீட்டிய சென்டார்களின் நேர் வாரிசுகள். அதற்குச் சற்றுப் பின் வந்த ‘குறிசொல்லும் இடத்தின் புதிர்’ படத்தில், முதுகைக் காட்டியபடி போர்வைக்குள் ஒடுங்கி நின்று கடலைப் பார்க்கும் உருவம், பெக்லினின் ‘ஒடிஸ்யூஸும் கலிப்சோவும்’ படத்தில் நிற்கும் ஒடிஸ்யூஸ்தான். அப்படியே எடுத்து வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அந்த முதுகு பிற்பாடு அவருடைய சதுக்கங்களில் சிலையாக நின்றது. எல்லாரையும் உலுக்கிய தனிமை என்று நாம் சொல்வது, இன்னொருவர் படத்திலிருந்து தூக்கி வந்த ஒரு முதுகிலிருந்து தொடங்கியது.

இங்கே தெ கிரிகோவையே சாட்சிக்கு அழைத்து மறுக்கலாம். 1910இல் ஃபிளாரன்ஸ் நகரின் சான்டா குரோசே சதுக்கத்தில், நோயிலிருந்து தேறிவந்த நிலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்த காட்சியையே முதன்முறை பார்ப்பதுபோல் தோன்றியதாகவும், ‘ஓர் இலையுதிர்கால மாலையின் புதிர்’ அதிலிருந்துதான் பிறந்தது என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். இது வெளிப்பாடு, நகல் அல்ல என்பார்கள். அந்த அனுபவத்தை மறுக்கக் காரணமில்லை. நான் மறுக்கவும் இல்லை. ஆனால் கித்தானில் வந்தது என்ன என்று பாருங்கள். தேவாலயத்தின் முகப்பு ஒரு கிரேக்கக் கோயிலின் முகப்பைப் போல மாறிவிட்டது. சதுக்கத்தில் நின்ற தாந்தே சிலை, பழைய கிரேக்கச் சிலை போலத் தலையில்லாத வெள்ளை உருவமாக முதுகு காட்டுகிறது. சுவருக்குப் பின்னால் கடல் இல்லாத ஊரில் பாய்மரம் எட்டிப் பார்க்கிறது. அந்த நொடி கண்ணுக்கு ஒரு வாசலைத் திறந்திருக்கலாம். கை எடுத்துத் தந்தவை மியூனிக்கில் படியெடுத்துப் பழகிய பொருட்கள். மூன்றாண்டுகள் பெக்லினைப் பார்த்துத் தீட்டாத ஒருவர் அதே பெஞ்சில் அதே நிலையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் படம் வந்திருக்காது.

1911இல் பாரிஸ் சென்றபின் தீட்டிய படங்களில் நகல்களே பொருளாகிவிடுகின்றன. 1912, 1913இல் வரிசையாக வந்த படங்களில் வெறிச்சோடிய சதுக்கத்தின் நடுவே படுத்திருக்கும் பெண், வாத்திகன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘உறங்கும் அரியாட்னே’ சிலை. அந்தச் சிலையே தொலைந்துபோன ஒரு கிரேக்கச் சிலையைப் பார்த்து ரோமானியர் செய்த படி. 1914இல் வந்த ‘காதல் பாட்டு’ படத்தில் சுவரில் மாட்டியிருக்கும் தலை, அதே வாத்திகனில் உள்ள அப்பல்லோ சிலையினுடையது. அதுவும் கிரேக்க மூலத்தின் ரோமானியப் படி. தெ கிரிகோ தீட்டியிருப்பதோ சிலையைக்கூட அல்ல, கலைப் பள்ளிகளில் மாணவர்கள் பார்த்து வரையப் பயன்படுத்திய சுண்ண வார்ப்பு. பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கும் ரப்பர் கையுறை, கீழே ஒரு பச்சைப் பந்து, பின்னால் வளைவு மண்டபமும் ரயில் எஞ்சினும். நூறாண்டுகளாகக் கனவின் சின்னமாகக் கொண்டாடப்படும் இந்தப் படத்தின் மையத்தில் இருப்பது ஓவிய மாணவரின் பயிற்சிப் பொருள். நகலின் நகலின் நகல். இதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. எங்கோ ஒரு கோயிலுக்கோ தோட்டத்துக்கோ சொந்தமாக இருந்த உருவம், படியெடுக்கப் படியெடுக்கத் தன் ஊரையும் காலத்தையும் இழந்து, எந்தச் சுவரிலும் தொங்கக்கூடியதாகிவிடுகிறது. தெ கிரிகோவின் நகரத்தில் நம்மைத் தொந்தரவு செய்வது அந்த வேரற்ற தன்மைதான். படியெடுத்தல் அதற்கு வழி மட்டுமல்ல, அதன் உட்பொருளும்கூட.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தத் தெருவைப் படியெடுக்க உட்கார்ந்தவருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் வாதத்தின் கனமான சான்று அங்கேதான் இருக்கிறது. முதற்பார்வையில் அது பழைய இத்தாலிய ஓவியங்களைப் போல ஒழுங்கான பெர்ஸ்பெக்டிவ் கொண்ட படமாகத் தெரியும். அடிக்கோலை வைத்து இடப்பக்க மண்டபத்தின் கூரை விளிம்பையும் தரை விளிம்பையும் நீட்டினால் அவை மேலே ஓரிடத்தில் சந்திக்கின்றன. தொடுவானம் உயரத்தில் இருப்பதாக அந்தக் கட்டடம் சொல்கிறது. வலப்பக்க மண்டபத்தின் கோடுகளை நீட்டினால் அவை அந்த இடத்துக்கு வருவதில்லை, வெகு கீழே வேறெங்கோ போய்ச் சேருகின்றன. நடுவில் நிற்கும் வண்டியோ இரண்டுக்கும் கட்டுப்படவில்லை. அதன் பக்கங்கள் ஏறக்குறைய இணைகோடுகளாகவே போகின்றன. உளவியலாளர் ருடால்ஃப் ஆர்ன்ஹைம், 1954இல் வெளிவந்த தம் ‘கலையும் காட்சிப் புலனும்’ நூலில் இதை விளக்கியிருக்கிறார். இடப்பக்கத்தை நம்பினால் வலப்பக்கக் கட்டடம் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. வலப்பக்கத்தை நம்பினால் அந்த ஒளி நிறைந்த தெரு இருக்கவே முடியாது, சிறுமி ஓடுவது வெற்றிடத்தை நோக்கி. பார்வையாளர் இதை ஓர் அமைதியின்மையாக மட்டும் உணர்வார். படியெடுப்பவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியும். இன்னொன்றும் நடக்கும். கை பழக்கத்தால் இரண்டு மண்டபங்களையும் ஒரே மறைபுள்ளிக்குத் திருத்தப் பார்க்கும். திருத்திவிட்டால் படம் சாதாரணத் தெருவாகிவிடும், அச்சம் போய்விடும். அந்தத் திருத்தத்தைத் தடுத்து நிறுத்தும்போதுதான் ‘தவறு’ எவ்வளவு கணக்காகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது புரிகிறது. தெ கிரிகோ அதே 1914இல் தீட்டிய மோன்பர்னாஸ் ரயில் நிலையப் படத்திலும் இதே கணக்கு உண்டு: கடிகாரம் ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு என்கிறது, நிழல்களோ அந்தி நேரத்து நீளத்தில் கிடக்கின்றன. இவை தூக்கத்தில் வந்தவையாக இருக்கலாம். கித்தானில் ஏறும்போது முழு விழிப்போடு ஏறியிருக்கின்றன.

அடுத்த தலைமுறை இதை எப்படிப் பெற்றது? மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஓவியப் பள்ளியில் படித்தவர் அல்ல. பான் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளவியலும் கலை வரலாறும் படித்தவர். 1919இல் மியூனிக்கில் ரோம் நகரத்து ‘வலோரி பிளாஸ்திசி’ என்ற இதழ் அவர் கையில் கிடைத்தது. அதில் தெ கிரிகோவின் படங்கள் அச்சாகியிருந்தன. அதே ஆண்டு எர்ன்ஸ்ட் எட்டு லித்தோகிராஃப்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். தையற்காரரின் பொம்மைகள், பெட்டி போன்ற அறைகள், எங்கோ ஓடும் பெர்ஸ்பெக்டிவ் கோடுகள். தெ கிரிகோவின் பாடத்தை ஒரு மாணவர் நோட்டில் எழுதிப் பார்த்ததுபோல இருக்கும். அதே ஆண்டின் தைல வண்ண ஓவியம் ‘அக்விஸ் சப்மெர்சஸ்’. வெறிச்சோடிய கட்டடங்கள் சூழ்ந்த ஒரு நீச்சல் குளம், தலைகீழாகப் பாய்ந்தவரின் கால்கள், வானத்தில் நிலவுக்குப் பதில் ஒரு கடிகாரம், நீரில் அதன் பிம்பம். கட்டடங்களும் நிழல்களும் கடன். குளமும் அதில் மூழ்கும் ஆளும் அவருடையவை. சர்ரியலிச அறிக்கை வெளிவர இன்னும் ஐந்தாண்டு இருந்தது. கொள்கை வருமுன்பே கை படியெடுக்கத் தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்துக் கலை இதழ்களில் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வந்தவை என்பதை இந்த வரலாற்றில் யாரும் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அச்சுப் படத்திலிருந்து படிப்பவருக்குத் தெ கிரிகோவின் பச்சை வானம் கிடைக்காது, மெல்லிய மங்கலான வண்ணப் பூச்சு கிடைக்காது. கிடைப்பவை கோடு, நிழல், வெற்றிடம், பொருந்தாத பொருட்களின் அணிவகுப்பு. சர்ரியலிச நகரம் ஒரு வண்ணமுறையாகப் பரவாமல் ஒரு கட்டுமான முறையாகப் பரவியதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன். ரெனே மாக்ரித் 1920களின் தொடக்கத்தில் ‘காதல் பாட்டு’ படத்தைக் கண்டு கண்ணீர் விட்டதாகச் சொன்னாரே, அவர் பார்த்ததும் அச்சுப் பிரதிதான். அப்போது அவர் சுவர்க்காகித ஆலையில் வடிவமைப்பாளராக வேலை செய்தவர். அவர் எடுத்துக்கொண்டது பொருட்களை அருகருகே வைக்கும் தர்க்கம். அதைத் தம் தொழில் பழக்கத்தின் தட்டையான, மழுங்கிய பூச்சில் தீட்டினார். ஈவ் டாங்கி வேறு வகை. வணிகக் கப்பலில் வேலை செய்த இளைஞர், தூரிகை பிடித்துப் பழகாதவர். பாரிசில் பஸ்ஸில் போகும்போது ஓவிய வணிகர் பால் கியோமின் கடை ஜன்னலில் தெ கிரிகோவின் ‘குழந்தையின் மூளை’ படத்தைப் பார்த்து இறங்கி ஓடினார். ஓவியராவது என்று முடிவெடுத்தது அங்கேதான். அந்தப் படத்துக்காக பிரெதோனும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர். வாங்கிப் பல பத்தாண்டுகள் வீட்டில் மாட்டியிருந்தார்.

பெல்ஜியத்தின் பால் டெல்வோவிடம் படியெடுத்தலின் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அவர் 1934இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த கண்காட்சியில் தெ கிரிகோவின் படங்களை நேரில் பார்த்தபோது வயது முப்பத்தாறு. அதுவரை தீட்டிய பாணியை விட்டுவிட்டு, ஆளரவமற்ற சதுக்கம், ஓடி ஒடுங்கும் தூண் வரிசை, கூர்மையான நிழல் என்று தெ கிரிகோவின் மேடையை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த மேடையில் அவர் கொண்டுவந்து நிறுத்தியவை சிறுவயது முதல் மயங்கிப் பார்த்த பிரஸ்ஸல்ஸ் டிராம்கள், ரயில் நிலையங்கள், சிக்னல் விளக்குகள். தெ கிரிகோவின் படங்களிலும் சுவருக்குப் பின்னால் ஒரு ரயில் புகைவிட்டுப் போகிறது. அது ரயில் பாதை போட்ட தந்தையின் நினைவு. இருவர் படத்திலும் ரயில் இருக்கிறது, ஆனால் ஒருவருடையது இன்னொருவருடையதல்ல. தெ கிரிகோவின் ரயில் தூரத்தில் நகர்ந்து போய்விடும். டெல்வோவின் ரயில் இரவு முழுக்க நடைமேடையில் நின்றுகொண்டே இருக்கும். படியெடுத்தால் சொந்தக் குரல் செத்துவிடும் என்பவர்களுக்கு இதுவே விடை. காலியான சதுக்கத்தை இரவல் வாங்கலாம். அதை நிரப்பும் நேரம் வரும்போது அவரவர் பிள்ளைப் பருவம்தான் வந்து நிற்கிறது. வெற்றிடத்தை மையமாகக் கொண்ட ஓவியம் என்பதால் இது மற்ற எந்த வகையையும்விடப் படியெடுத்துக் கற்கத் தோதானது.

இதற்கு எதிரான மிக வலுவான குரல் பிரெதோனுடையது. 1919இல் தெ கிரிகோ ரோம் நகரில் பழைய ஆசான்களின் படங்களின் முன் நின்று மனம் மாறி, ‘கைத்தொழிலுக்குத் திரும்புதல்’ என்ற கட்டுரையை ‘வலோரி பிளாஸ்திசி’யில் வெளியிட்டார். ஓவியர்கள் அருங்காட்சியகத்துக்குத் திரும்பிச் சென்று படியெடுக்க வேண்டும், வண்ணங்களையும் கித்தானையும் தாமே தயாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொன்னதைச் செய்தார்; மைக்கேலாஞ்சலோவின் ‘டோனி டோன்டோ’வைப் படியெடுத்தார். பிறகு தம் பழைய படங்களையே திரும்பத் திரும்பத் தீட்டத் தொடங்கினார். பிரெதோன் குழுவினர் கொதித்துப்போனார்கள். ஒரு மர்மம் ஒருமுறைதான் வெளிப்படும், அதை மறுபடி செய்வது துரோகம் என்பது அவர்கள் வாதம். 1926இல் அவர்களுடைய இதழில் தெ கிரிகோவின் புதிய படம் ஒன்று கோடுகளால் கிறுக்கி அடிக்கப்பட்டு வெளியானது.

இந்தக் கோபத்தில் உண்மை ஒன்று இருக்கிறது. தெ கிரிகோவின் பிற்காலப் படிகள் பல, முதல் படங்களின் இறுக்கத்தை இழந்தவை. கண் உள்ள எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் படியெடுத்தலே துரோகம் என்று சொல்ல அந்தக் குழுவுக்கு உரிமை இல்லை. ஃபெராரா நகரின் கோட்டையைப் பின்னணியில் வைத்து அவர் முதல் உலகப் போர்க் காலத்தில் தீட்டிய ‘கலங்கவைக்கும் கலைத்தேவியர்’ படத்தின் மூலம் கிடைக்காதபோது, 1924இல் அதன் படியைப் பெற்றுக்கொண்டவர்கள் அதே குழுவின் கவிஞர் பால் எலுவாரும் அவர் மனைவி காலாவும். ஆயிரம் லிரா விலை சொல்லி, முதல் படத்தைவிடத் தேர்ந்த கைத்திறத்தோடு தீட்டித் தருவதாக தெ கிரிகோ காலாவுக்கே கடிதம் எழுதியிருந்தார். வாங்கியபோது குற்றமாகத் தெரியாதது, இரண்டாண்டில் குற்றமானது. அதைவிடப் பெரிய சான்று மாக்ரித். பகல் வானத்தின் கீழ் இரவில் மூழ்கிய வீடும் தெருவிளக்கும் கொண்ட ‘ஒளியின் பேரரசு’ சர்ரியலிச நகரக் காட்சிகளில் உலகம் அதிகம் அறிந்தது. 1949 முதல் 1964 வரை அவர் அதைத் தைல வண்ணத்தில் மட்டும் 17 முறை தீட்டினார். 1954 வெனிஸ் கண்காட்சியில் ஒரே படத்தைத் தருவதாகப் பலரிடம் சொல்லப்பட்டுவிட, கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைம் அதை வாங்கிக்கொள்ள, மற்றவர்களுக்காக மாக்ரித் மேலும் தீட்ட வேண்டியதாயிற்று. இதற்காக அவரை யாரும் துரோகி என்று அழைக்கவில்லை. அழைக்கவும் தேவையில்லை: ஒவ்வொரு முறையும் வானத்தின் பங்கு, மரத்தின் உயரம், நீர் இருப்பதும் இல்லாததும் மாறி, படம் தன்னைத் தானே ஆராய்ந்துகொண்டது. படியெடுத்தல் சிந்தனையாகவும் இருக்க முடியும் என்பதற்கு அந்த 17 கித்தான்களைவிட நல்ல சான்று இல்லை.

போலிகளைப் பற்றிய மறுப்பை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படியெடுக்கக் கற்றுக்கொடுத்தால் போலி செய்யவும் கற்றுக்கொடுத்தாகிவிடும் என்பதற்கு இந்த வரலாற்றிலேயே ஆதாரம் உண்டு. 1946இல் பாரிசில் தெ கிரிகோ படங்கள் என்று காட்சிக்கு வைக்கப்பட்டவற்றில் பல போலி என்று அவரே அறிவித்தார். தீட்டியவர் ஆஸ்கர் டொமிங்கஸ். வெளியாள் அல்ல, சர்ரியலிசக் குழுவில் இருந்த ஓவியர். அவ்வளவு நன்றாகப் படியெடுத்திருந்தார். தெ கிரிகோவின் கையும் சுத்தமில்லை. பிற்காலத்தில் தீட்டிய சதுக்கங்களில் 1910களின் ஆண்டைப் பொறித்து விற்றார். எது எந்தக் காலத்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘கலைத்தேவிய’ரை மட்டும் 1945க்கும் 1962க்கும் இடையில் ஏறக்குறைய ஒரே மாதிரி 18 முறை தீட்டினார் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். 18 முறை தீட்டியதில் எனக்குக் குறை இல்லை. பொய்யான ஆண்டைப் போட்டது ஏமாற்று. அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன். லூவரின் பழைய விதிகள் இங்கேதான் பொருள் பெறுகின்றன. அளவை மாற்று, கையொப்பத்தை விடு என்ற இரண்டும், தூரிகை செய்யும் வேலையில் தலையிடாமல் சந்தை செய்யும் வேலையை மட்டும் தடுக்கின்றன. போலி என்பது படத்தில் இல்லை, படத்தின் மூலையிலும் பின்புறத்திலும் எழுதப்படும் பெயரிலும் ஆண்டிலும் இருக்கிறது என்பதை அந்த விதிகளை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

கடைசியாக ஒரு மறுப்பு: இப்படியே போனால் வளைவு மண்டபம், நீண்ட நிழல், கடிகாரம் என்று ஒரு சூத்திரம்தான் மிஞ்சும், அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். உண்மை. விளம்பரங்களிலும் புத்தக அட்டைகளிலும் அப்படி ஒட்டப்பட்ட நகரங்களைப் பார்த்துச் சலித்திருக்கிறோம். ஆனால் அவை பெரும்பாலும் படியெடுக்கப்படாதவை, தொலைவிலிருந்து நினைவுகூரப்பட்டவை. அவற்றில் பெர்ஸ்பெக்டிவ் சரியாக இருக்கும், நிழல்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். மூலத்தில் எது பிசகுகிறது என்று அளந்து பார்க்காதவர் அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துச் செல்கிறார். அளந்து பார்த்தவர்களின் வேலை வேறு மாதிரி இருக்கிறது. 1982இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகக் கண்காட்சி நூலில் அந்த 18 ‘கலைத்தேவிய’ரின் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சானதைப் பார்த்த ஆண்டி வார்ஹோல், அதே படத்தைப் பட்டுத்திரை அச்சில் ஒரே கித்தானில் நான்காக அடுக்கினார். தெ கிரிகோ கையால் செய்ததை வார்ஹோல் அச்சால் செய்தார். திரும்பச் செய்வது என்ற செயலைப் பற்றியே அந்தப் படங்கள் பேசின.

அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2001இல், ‘ஐகோ’ என்ற வீடியோ விளையாட்டு வெளிவந்தபோது அதன் இயக்குநர் ஃபுமிதோ உவேதா ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகளின் அட்டைப் படத்தைத் தாமே தீட்டினார். எடுத்துக்கொண்ட மாதிரி தெ கிரிகோவின் ‘முடிவின்மையின் ஏக்கம்’: டூரின் நகரின் மோலே அன்டோனெல்லியானா கோபுரத்தை நினைவூட்டும் ஓர் உயர்ந்த கோபுரமும், அதன் அடியில் எறும்பளவில் இரண்டு மனிதர்களும் அவர்களின் நிழல்களும். உவேதாவின் படத்திலும் அந்த வெளிச்சம், அந்த நிழல், அந்த வளைவுகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டு சிறு உருவங்களும் இருக்கின்றன. ஆனால் அவை நிற்கவில்லை. சிறுவன் ஒருவன் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், அந்த விளையாட்டு முழுவதும் ஆடுபவர் செய்ய வேண்டியதும் அதுதான்.